ஒரு டீ குடிக்கிற நேரம்

ஒரு டீ குடிக்கிற நேரம் அந்தப் படத்துக்கு முன்னால் உட்காருங்கள் என்று ஆஸ்மா தன் வீட்டுக்காரரிடம் கேட்கத் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேட்டது அவ்வளவுதான். அதற்கே அந்த மனிதருக்கு நேரம் கூடி வரவில்லை.

அப்துல் மஜீத்தைக் குறை சொல்லவும் முடியாது, அதுதான் இதில் பெரிய எரிச்சல். ஏற்காடு ஏரியிலிருந்து மேலே ஏறுகிற ரோட்டில் அவர்கள் நடத்துகிற ஹோம் ஸ்டேயில் ஆறு அறைகள். ஆறுக்கும் அவர் ஒருவரே பிளம்பர், எலெக்ட்ரீஷியன், டிரைவர், பஞ்சாயத்துத் தலைவர். கெஸ்ட் சுடுதண்ணீர் வரவில்லை என்றால் ஓடுவார். குரங்கு வந்து சோப்பைத் தூக்கிக்கொண்டு போனால் குரங்கின் சார்பில் மன்னிப்புக் கேட்பார். பெண்டாட்டி கூப்பிட்டால் மட்டும் "இதா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே எதிர்ப்பக்கமாகப் போவார்.

படம் வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் கைமாறியபோது பங்களாவிலிருந்த பழைய சாமான்களை விற்றார்கள். மஜீத் ஒரு பீரோவும் நீள மேசையும் வாங்கினார். பீரோவின் ஆளுயரக் கண்ணாடி ஜீப்பில் உடையாமலிருக்க, எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் தேவசிகாமணி, ஸ்டோர் ரூமில் கிடந்த ஒரு படத்தைச் சாக்கில் சுற்றி முட்டுக்கொடுத்து அனுப்பினார். கண்ணாடி பத்திரமாக வந்தது. படத்தைத் திருப்பி அனுப்பட்டுமா என்று ஆஸ்மா போனில் கேட்டதற்கு, "அதை வெச்சு நான் என்னங்கம்மா பண்ணப்போறேன், நீங்களே வெச்சுக்கங்க" என்றுவிட்டார் ரைட்டர்.

மனித உருவங்கள் இருக்கிற படம். தொழுகிற இடத்தில், வீட்டுப் பகுதியில் மாட்ட முடியாது. அதனால் கெஸ்டுகள் வந்து உட்காருகிற முன்ஹாலில், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினாள்.

முதலில் அவளுக்கும் அதில் ஒன்றும் பிடிபடவில்லை. ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊர், ஆற்றங்கரை. கீழே கல் படிக்கட்டில் கூடைகளோடு மீன்காரப் பெண்கள். இடது பக்கம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற உயரமான வீடுகள். நடுவில் ஒரு பாலம் ஆரம்பிக்கிறது, பாதியில் காணாமல் போய்விடுகிறது. அதற்கு மேல், படத்தின் முக்கால் பங்கும் மூடுபனிதான். முக்கால் படத்தைச் சும்மா விட்டுவிட்டானே சோம்பேறி என்றுதான் நினைத்தாள்.

ஒரு நாள் காலையில் கெஸ்டுகள் யாரும் எழுந்திருக்கவில்லை. ஆஸ்மா டீயோடு எதிர் சோபாவில் உட்கார்ந்தாள். கலை ரசனை ஒன்றுமில்லை, கால் வலி. சும்மா பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பாதி டீயில் அந்தப் பனிக்குள் ஒரு கோபுரம் தெரிந்தது. யாரோ வரைந்ததாகவே தோன்றவில்லை. அது பாட்டுக்கு அங்கே இருந்தது, இவள் கண்ணுக்கு இப்போதுதான் வந்தது. இன்னும் கொஞ்சம் பார்த்தாள். அதற்குப் பின்னால் இன்னொரு கோபுரம். பாலத்தில் யாரோ வருகிறார்கள், ஆணா பெண்ணா தெரியவில்லை. வீடுகளின் வரிசையில், பனி மிகவும் அடர்ந்த இடத்தில், ஒரு ஜன்னலுக்குள் விளக்கு. மஞ்சள் என்றுகூட அதைச் சொல்ல முடியாது, மஞ்சளாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம், அவ்வளவுதான். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

ஆஸ்மா சேலம் கோட்டைப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி மலைக்கு வந்த நாளிலிருந்து பனியோடு அவளுக்குத் தகராறு. துணி காயாது, அப்பளம் நமுத்துப் போகும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். மலை விளிம்பிலிருந்து ஊரைப் பார்க்க லேடீஸ் சீட்டுக்குப் போன கெஸ்டுகள் ஒன்றுமே தெரியவில்லை என்று திரும்பி வந்து, பனியைக் கொண்டுவந்து கொட்டியதே மஜீத்தான் என்பது போல முறைப்பார்கள். நெட்டில் ரெண்டு ஸ்டார் போட்டுவிட்டுப் போவார்கள். அவரும் மேகமெல்லாம் தன் கையில் இருப்பதுபோல, "நாளைக்குக் கண்டிப்பா தெளிஞ்சுருங்க சார்" என்று வாக்குக் கொடுப்பார். இங்கே இத்தனை பேர் திட்டித் தீர்க்கிற பனிக்கு முன்னால், அந்த ஊரில் ஒருவன் அது விலகட்டும் என்று காத்திருக்காமல், அதையே உட்கார்ந்து வரைந்திருக்கிறான். அதை நினைத்தபோது ஆஸ்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வெளியே சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. கொடியில் துணி கிடக்கிறதா என்று யோசிக்காமல் அதைப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அதற்குப் பிறகு கீர்த்திகா என்றொரு பெண் சென்னையிலிருந்து வந்து தங்கினாள். கல்லூரியில் ஓவிய வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள். படத்தைப் பார்த்தவள் தோளிலிருந்த பையை இறக்கி வைக்கவே மறந்துவிட்டாள்.

"யார் வரைஞ்சதுன்னு தெரியலை. கையெழுத்து அழிஞ்சிருக்கு. பெரிய ஆளா இருக்கணும்னு இல்லை, எதையோ பார்த்து வரைஞ்சதாக்கூட இருக்கலாம்" என்றாள். "ஆனா ரொமாண்டிக் காலத்துக் கை. அந்தக் காலத்து ஓவியர்களுக்கு ஊர் எப்படி இருக்குங்கிறது பெரிசில்லை. அதைப் பார்க்கிறப்போ நமக்கு உள்ளே என்ன ஆகுதுங்கிறதுதான் பெரிசு. புயல், பனி, இருட்டு, இடிஞ்ச கோபுரம்னு தேடித் தேடிப் போவாங்க."

ஆஸ்மா தலையாட்டினாள். தனக்கு உள்ளே ஆனதற்கு ஒரு பெயரும் காலமும் இருப்பது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"பனியை எப்படிக் கொண்டுவந்திருக்கார் பாருங்க. முதல்ல ஊரை அழுத்தமா வரைஞ்சிருக்கார். அதுக்கு மேல வெள்ளையை மெல்லிசா, திரும்பத் திரும்பத் தடவிக்கிட்டே வந்திருக்கார். இதை எதுவும் போட்டுத் துடைச்சிராதீங்க. தண்ணிகூட வேண்டாம்."

ஆஸ்மா அன்றைக்கே, அறைகளைக் கூட்டித் துடைக்கிற பாவாயியிடம் சொல்லிவிட்டாள். கொட்டச்சேட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பாவாயி, "நான் எதுக்குங்கம்மா அதைத் தொடறேன், பாத்தாலே பல்லு கிட்டுது" என்றாள். மஜீத்திடம் ஆஸ்மா சொல்லவில்லை. திரும்பியே பார்க்காத மனிதர், தொடவா போகிறார்?

ராத்திரிச் சாப்பாட்டில் ரொமாண்டிக் காலத்தைப் பற்றி மட்டும் சொன்னாள். மஜீத் சிரித்துவிட்டார்.

"ரொமான்ஸா? அதுல மீனு விக்கிற அம்மாதானே நிக்குது. அப்பறம் ஆஸ்மா, டிசம்பர் கூட்டத்துக்குள்ள அந்தச் சுவத்துல பெரிய டிவி ஒண்ணு மாட்டிரலாம்னு இருக்கேன். மழைன்னா கெஸ்டுங்க வெளிய போக முடியாம நொம்பக் கஷ்டப்படறாங்க. படத்தை ஸ்டோர்ல வெச்சிரலாம்."

ஆஸ்மா கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். கத்தினால் காரியம் கெட்டுவிடும் என்று பொறுத்துக்கொண்டு, "ஏனுங்க, ஒரே ஒரு தடவை ஒரு டீ குடிக்கிற நேரம் அதுக்கு முன்னாடி உக்காந்து பாருங்க. பாத்துட்டு எடுக்கலாம்னு நீங்க சொன்னா, நானே எடுத்துக் குடுத்தர்றேன்" என்றாள்.

"இவ்வளவுதானா? நாளைக்கே உக்காந்தர்றேன்" என்றார் அவர், பெரிய மனதோடு.

நாளைக்கு கேஸ் சிலிண்டர் வந்தது. அதற்கடுத்த நாள் ஒரு கெஸ்ட் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டு கத்தினார். ஒரு நாள் உட்கார்ந்தே விட்டார். ஆஸ்மா இஞ்சி தட்டிப்போட்டு டீ கொண்டுவந்தாள். அவர் அதை ரெண்டே மடக்கில் குடித்துவிட்டு, "பாத்துட்டேன். நல்லாத்தான் இருக்குது. கொஞ்சம் இருட்டு. மேல ஒரு ஃபோகஸ் லைட் போட்டுக்கலாம்" என்று எழுந்துவிட்டார். டம்ளரில் ஆவிகூட அடங்கவில்லை.

"டீ குடிக்கிற நேரம்னா நான் குடிக்கிற நேரம்" என்றாள் ஆஸ்மா.

"சரி. அதுல என்னத்தைப் பாக்கோணும்னு சொல்லு, பாத்தர்றேன்."

"பாக்கோணும்னு எதுவும் இல்லைங்க. பாருங்க, அவ்வளவுதான்."

"இப்படிச் சொன்னா எப்படி? லேடீஸ் சீட்டுக்குப் போனா நான் கெஸ்டுக்கு இதா அங்கே மேட்டூரு, இதா இங்கே ரயில் லைனுன்னு காட்டறேனல்ல. அது மாதிரி காட்டு."

காட்டியிருக்கலாம். இதோ கோபுரம், இதோ ஜன்னல் என்று விரலை நீட்டியிருந்தால் அரை நிமிஷ வேலை. ஆனால் ஆஸ்மாவுக்கு அவரைத் தெரியும். கோபுரத்தைக் காட்டினால் கோபுரத்தைப் பார்ப்பார், சரி என்பார், டிவிக்கு ஆணி அடிக்க அளவெடுப்பார். அந்த ஊர் தானாக அவருக்கு வர வேண்டும். தனக்கு வந்த மாதிரி வர வேண்டும். அவருக்கும் வந்துவிட்டால் பிறகு இருவரும் சேர்ந்து பேசலாம். இந்த வீட்டில் தண்ணீர் லாரியையும் இன்வெர்ட்டரையும் தவிரப் பேச ஒன்று கிடைக்கும். அவள் ஆசைப்பட்டது அதற்குத்தான். அதை வாய்விட்டுச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

டிவி அட்டைப்பெட்டியில் வந்து ஹால் மூலையில் உட்கார்ந்தது. அதைப் பார்த்த அன்றைக்கு ஆஸ்மா வெடித்தாள்.

"ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் கூட்டிட்டுப் போய் மலையைக் காட்டறீங்க, மரத்தைக் காட்டறீங்க. உங்க ஊட்டுச் சுவத்துல நான் ஒண்ணைக் காட்டினா உங்களுக்குத் திரும்பிப் பாக்க முடியலை. நான் என்ன உசுரையா கேட்டேன்? கண்ணைத்தானே கேட்டேன்?"

மஜீத் கையில் ஸ்பேனரோடு நின்றார். எந்தக் கெஸ்டும் அவரை இப்படிக் கேட்டதில்லை. "நான் எங்க மாட்டேன்னு சொன்னேன்" என்றார் மெதுவாக.  மாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லைதான். சொல்லியிருந்தால் நிம்மதியாகச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மறுநாள் சேலத்தில் அவள் தங்கை அமீனாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். கெஸ்ட் இருந்ததால் மஜீத் வரவில்லை. முகம் கொடுத்துப் பேசாமலே குப்பனூர் வழி பஸ்ஸில் ஏறி மலையிறங்கிப் போனாள். அங்கே பிரியாணியும் மருதாணியும் அமர்க்களப்பட்டதில் அவள் மனசு ஒட்டவில்லை. திரும்பிப் போகும்போது சுவரில் டிவி இருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் மஜீத்தின் போன் வந்தது.

"ஆஸ்மா, நான் உக்காந்து பாத்தேன்."

"எதை?"

"உன்ற படத்தைத்தான். மத்தியானத்துலருந்து அதுக்கு முன்னாடியேதான் இருக்கேன். கண்ணாடி போட்டுட்டு, பக்கத்துல போய் பாத்தேன். நீ சொன்னது சரிதான். அதுக்குள்ள என்னென்னமோ இருக்குது. நீ வா, உனக்கே காட்டறேன். டிவியை நம்ம டிவி கடைப் பையன் பைசலை உட்டுச் சாப்பாட்டு ரூம்ல மாட்டச் சொல்லிட்டேன்."

ஆஸ்மா போனைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைப் பார்த்த அமீனா, "என்னக்கா, மச்சான் வைரத் தோடு வாங்கிட்டாரா?" என்று சீண்டினாள். ஆஸ்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தாள்.

வாசலிலேயே மஜீத் நின்றிருந்தார். பையை வாங்கிக்கொண்டார். "கண்ணை மூடிக்கிட்டு வா" என்றார், புதுசாகக் கல்யாணமானவர் போல. பின்னால் பாவாயி துடைப்பத்தோடு நின்றாள். "நாஞ் சொன்னேனுங்கம்மா, தொட வேண்டாம்னு சொல்லியிருக்கீங்கன்னு. அய்யாதான் கேக்கலை" என்று முணுமுணுத்தாள்.

ஆஸ்மா கண்ணைத் திறந்தபோது சுவரில் வேறு ஒரு படம் இருந்தது.

பாலம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை போனது. கோபுரம் கறுப்பாக, கம்பம் நட்டதுபோல நின்றது. வீடுகளைச் சுற்றி எல்லாம் கோடு. வானம் இருந்த இடத்தில் பழுப்புத் திட்டுத் திட்டாக ஏதோ, சில இடங்களில் படம் வரைந்த துணியின் நெசவே தெரிந்தது. மேசைமேல் ஸ்பிரிட் பாட்டில். பக்கத்தில் ஒரு சில்வர் தட்டு நிறையப் பஞ்சு உருண்டைகள், அழுக்கு வெள்ளையாக. ஒன்றிரண்டில் லேசாக மஞ்சள்.

"அத்தனையும் பூஞ்சை" என்றார் மஜீத். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். "நீ அத்தனை கோவப்பட்டியா, சரி, இன்னிக்கு என்ன ஆனாலும் சரின்னு உக்காந்தேன். முதல்ல எனக்கு ஒண்ணும் தெரியலை. அப்பறம் பாத்துட்டே இருந்தேனா, உள்ளே கோபுரம் ஒண்ணு மங்கலாத் தெரியுது. ஆகா, இதை மறைச்சிருக்குதேன்னு தோணுச்சு. எந்த வருஷம் இங்க பூஞ்சை பிடிக்காம இருக்குது? ஷூவுல பிடிக்குது, பெல்ட்டுல பிடிக்குது, நம்ம கல்யாண ஆல்பத்துலயே பிடிச்சுதே, நாந்தானே ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். அதே மாதிரி மெதுவா எடுத்தேன். கை நோவே வந்துருச்சு. இங்க பாரு, பாலத்துக்கு அந்தப் பக்கம் குதிரை வண்டி. உனக்குத் தெரியுமா இது இருந்தது? கோபுரத்துல கடியாரம்கூட இருக்குது பாரு."

அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்றையும் விடவில்லை. இந்த மனிதர் ஒரு பொருளை இத்தனை நேரம், இத்தனை அக்கறையோடு பார்த்து ஆஸ்மா கண்டதில்லை.

"இந்த மேல் மூலையில மட்டும் கொஞ்சம் விட்டு வெச்சிருக்கேன்" என்று சொல்லி, பஞ்சு ஒன்றை ஸ்பிரிட்டில் தொட்டு அவள் கையில் கொடுத்தார். "கடைசியா நீயே எடுக்கோணும்னு."

ஆஸ்மா பஞ்சைத் தட்டில் வைத்தாள். பாட்டிலை எடுத்து மூடினாள். 

"அது பூஞ்சை இல்லைங்க. பனி."

"எது?"

"நீங்க தொடச்சதுதான். அவரு வரைஞ்ச பனி."

மஜீத் படத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவர் கேட்டதில் கேலியே இல்லை.

"பனியைப் போயி யாரு ஆஸ்மா வரைவாங்க?"

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏறி, யார்மேல் இறங்குவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. பார்க்கச் சொன்னவள் அவள். உட்கார்ந்து பார்த்தவர் அவர். கூப்பிட்ட குரலுக்கு வராத மனிதரைச் சண்டை போட்டு வரவழைத்து, அவர் வந்து, முழு மனதோடு செய்து முடித்த வேலை இது. இவரை எந்த வாயால் திட்டுவது? திட்டாமல்தான் எப்படி இருப்பது?

"போட்டோ எடுத்து வெச்சிருக்கியா?" என்று அவர் கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

போனில் இருந்தது. ஆனால் அவள் எடுத்ததிலெல்லாம் ஜன்னல் வெளிச்சம் பட்டு நடுவில் ஒரே வெள்ளை. ஒன்றுகூட அவள் பார்த்த படம் இல்லை. மஜீத் அதைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதே. இதுல பாத்தாலும் பூஞ்சையாட்டந்தான் இருக்குது" என்றார், பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

பிறகு விட்டு வைத்திருந்த அந்த மூலைக்கு அருகில் போய் நின்றார். உள்ளங்கை அகலம்கூட இருக்காது. ஒரு கூரையின் விளிம்பும், அதைக் கரைத்துக்கொண்டிருக்கிற சாம்பல் வெள்ளையும். ரொம்ப நேரம் அசையவில்லை. பாவாயி பொறுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"இது முழுக்க இப்படியா இருந்துச்சு?"

"முழுக்க."

அவர் வந்து அவள் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தார். மேல் ரூம் கெஸ்ட் போன் செய்தார். மஜீத் அதைப் பார்த்துவிட்டுச் சத்தத்தை அணைத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"நான் பாத்ததுக்கு முன்னாடி அது எப்படி இருந்துச்சுன்னு சொல்லு."

ஆஸ்மா வாயைத் திறந்தாள். பாலம் இருந்தது என்று சொல்ல வேண்டும், ஆனால் பாலம் இப்போதுதான் நன்றாகத் தெரிகிறது. கோபுரம் என்றால் கோபுரமும் எதிரில் நிற்கிறது. எதைச் சொன்னாலும் அது சுவரில் இன்னும் தெளிவாக இருந்தது. அவள் தொடங்கிய வார்த்தையை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடித்தாள். அதுவும் வரவில்லை.

"கோவத்துல சொல்ல மாட்டேங்கறியா?"

"இல்லைங்க. சொல்லத் தெரியலை."

"மெதுவா சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்றார் மஜீத். கையைக் கட்டிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தார்.